றீஸ்லிங் திராட்சை மதுவின் இன்சுவையும் உலர்சுவையும்: ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

மக்கள் உண்பனவும் பருகுவனவும் நாவின் விருப்பத்தினாலேயே தீர்மானிக்கப்படுகின்றன என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின், நாவின் விருப்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. நிலவுடைமை, வரி, வாணிபம், தொழில்நுட்பம், சட்டம் முதலியன மாறுந்தோறும் சுவையும் மாறி வந்துள்ளது. கோப்பியும் தேயிலையும் இலங்கை மக்களின் அன்றாடப் பானங்களாகிய வரலாற்றை அறிந்த எமக்கு இவ்வுண்மை புதிதன்று.

யேர்மனிக்கு உரிய றீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து பெறப்படும் மது இவ்வகையில் ஆராய்தற்குரியது. பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் றீஸ்லிங் என்றால் இனிப்பான மது என்றே பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். யேர்மனியிலோ இனிப்பற்ற றீஸ்லிங்கே இன்று உயர்வாக மதிக்கப்படுகிறது. இரு சாராரும் தத்தம் சுவையே மரபு வழிவந்தது என்பர். இக்கூற்றுக்களுள் எது வரலாற்றுக்குப் பொருந்துவது? இவ்வினாவை ஆராய்வதே எமது நோக்கம்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இங்கு வேண்டப்படுகிறது. இனிப்பு எஞ்சாத மதுவை யேர்மானியர் 'துறொக்கன்' என்பர். உலர்ந்தது என்பது அதன் நேர்ப்பொருள். அதனைத் தழுவி உலர்சுவை என்னும் தொடரையும், இனிப்பு எஞ்சிய நிலையைக் குறிக்க இன்சுவை என்னும் தொடரையும் இக்கட்டுரையில் ஆளுகின்றோம்.

2. பழத்தின் இயல்பு

திராட்சைப் பிழிசாற்றிலுள்ள வெல்லத்தை மதுவம் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. நொதித்தல் முற்றுப்பெறின் உலர்சுவை மது கிடைக்கும். இடையில் நின்றுவிடின் வெல்லத்தின் ஒரு பகுதி எஞ்சி இன்சுவை தரும். பனஞ்சாறு சுண்ணாம்பிட்ட முட்டியில் இறங்கினாற் கருப்பநீராகவும், சுண்ணாம்பிடாத முட்டியில் இறங்கினாற் கள்ளாகவும் ஆவதை எம்மவர் அறிவர். சாறு ஒன்றே, அதனை எங்கே நிறுத்துகிறோம் என்பதே வேறுபாடு.

றீஸ்லிங்கின் தனித்தன்மை அதன் புளிப்பிலே தங்கியுள்ளது. பிந்திப் பழுக்கும் இக்கனி, குளிர் நிலங்களில் நன்கு முதிர்ந்த பின்னரும் தாத்தாரிக்கமிலத்தை மிகுதியாகக் கொண்டிருக்கும். அமிலமும் வெல்லமும் ஒன்றையொன்று மறைக்கும் இயல்பின. ஓர் இலீற்றரில் 8 கிராம் அமிலமும் 9 கிராம் வெல்லமும் கொண்ட மது நாவுக்கு இனிப்பதில்லை. அமிலங் குன்றிய வேறொரு மதுவில் அதேயளவு வெல்லம் தெளிவாகப் புலப்படும். எனவே வெல்லத்தின் அளவை மாத்திரங் கொண்டு றீஸ்லிங்கின் சுவையைக் கூறுதல் இயலாது. இன்றைய ஐரோப்பிய விதியும் இதனை ஏற்கிறது. இலீற்றருக்கு 4 கிராம் வரை வெல்லமுள்ள மது உலர்சுவையது எனப்படும். வெல்லம் அமிலத்தை 2 கிராமுக்கு மேல் விஞ்சாதவிடத்து 9 கிராம் வரையும் அப்பெயர் செல்லும்.

இவ்வாறு இருவகைச் சுவைக்கும் இடந்தரும் கனி பிறிதொன்று அரிது. இந்த நெகிழ்ச்சியே றீஸ்லிங்கின் வரலாற்றைச் சிக்கலாக்கியது. இயற்கை இரு வழிகளையும் திறந்து வைத்தது. எவ்வழி செல்வதென்பதை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சமூக சக்திகள் தீர்மானித்தன.

3. மடாலயங்களும் நிலக்கிழாரும்

றீஸ்லிங் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று 1435 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆந் திகதிக்குரியது. கற்சனெல்ன்போகன் பிரபுவுக்குரிய றுசெல்ஸ்ஹைம் தோட்டத்தில் நடுவதற்கென வாங்கிய றீஸ்லிங் கொடிகளுக்கு 22 ஷில்லிங் செலுத்தப்பட்டதாக ஒரு கணக்குக் கூறுகிறது. ஆயினும் அக்காலத்துத் தோட்டங்களிற் பலவகைக் கொடிகள் கலந்தே நின்றன. றீஸ்லிங்கைத் தனிப்பயிராகப் பெருமளவில் நட்ட முயற்சிகளுள் றைன்கவ் பிரதேசத்து யொகானிஸ்பேர்க் தோட்டம் முதன்மையானது. 1716 இல் அதனை வாங்கிய புல்டா நகரத்து மடாதிபதி, 1720 முதல் அங்கு றீஸ்லிங்கை நடுவித்தார். மோசெல் பள்ளத்தாக்கில் திரியர் ஆட்சியாளராகிய பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லவுஸ், தரங்குறைந்த கொடிகளைக் களைந்து நல்லினக் கொடிகளை நடுமாறு 1787 இல் ஆணை பிறப்பித்தார்.

இன்சுவை மதுவின் தோற்றம் பற்றி யொகானிஸ்பேர்க்கில் வழங்குங் கதையொன்று இங்கு கருதற்குரியது. அறுவடை தொடங்குவதற்குப் புல்டாவிலிருந்து ஆண்டுதோறும் அனுமதி வருதல் வேண்டும். 1775 இல் அவ்வனுமதியைக் கொணர்ந்த குதிரைவீரன் காலந் தாழ்த்தி வந்து சேர்ந்தான். அதற்கிடையிற் கனிகளை ஒருவகைப் பூஞ்சணம் பற்றிக்கொண்டது. வேறு வழியின்றிப் பிழியப்பட்ட அக்கனிகள் ஒப்பற்ற மதுவைத் தந்தன. 'பிந்திய அறுவடை' எனப் பொருள்படும் 'ஸ்பேற்லேசெ' என்னும் வகை இவ்வாறு தோன்றியது என்பர். பூஞ்சணம் கனியிலுள்ள நீரை வெளியேற்றி வெல்லத்தைச் செறிவாக்கும் என்பது ஹங்கேரியின் தொக்காய்ப் பிரதேசத்தில் அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆதலின் இக்கதையைக் கண்டுபிடிப்பின் வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் அது ஒரு சமூக உண்மையை உணர்த்துகிறது. எப்பொழுது பறிப்பது என்பதைத் தீர்மானித்தவர் தோட்டத்தில் நின்று கனியைக் கண்டவரல்லர்; தொலைவிலிருந்த நிலவுடைமையாளரே அதனைத் தீர்மானித்தார்.

இத்தகைய இன்சுவை மதுக்கள் மிகச் சிறிய அளவிலேயே கிடைத்தன. வெப்பமான இலையுதிர்காலம் வாய்த்த சில ஆண்டுகளில் மட்டும், இழப்பைத் தாங்கவல்ல பெருந்தோட்டங்களால் மட்டும் அவற்றை ஆக்க முடிந்தது. ஏனைய ஆண்டுகளின் மது மோசெலில் 1,000 இலீற்றர் கொள்ளும் மரப்பீப்பாக்களிலும் றைன்கவ்வில் 1,200 இலீற்றர் கொள்ளும் பீப்பாக்களிலும் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டது. மாரியிற் குளிரால் நின்ற நொதித்தல் வேனிலில் மீளத் தொடங்கும். இவ்வாறு எஞ்சிய வெல்லமும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வடக்கேயுள்ள மோசெலின் குளிர் நிலவறைகளிற் சிறிதளவு வெல்லம் எஞ்சுதலும் உண்டு. எனினும் 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் 'ஹொக்' என்று அழைத்து, போர்தோவின் தலைசிறந்த மதுக்களுக்கு நிகரான விலை கொடுத்து வாங்கிய றைன் மது பெரும்பாலும் உலர்சுவையதே எனலாம். இன்சுவை அரிதாக இருந்தமையாலேயே அது உயர்வாக மதிக்கப்பட்டது.

4. மோசெல் செய்கையாளரின் துயர்

19 ஆம் நூற்றாண்டின் புகழை விலைப்பட்டியல்களிலிருந்து மட்டும் அறிவோர் அதன் மறுபுறத்தைக் காணத் தவறுவர். 1815 இன் பின் மோசெல் பள்ளத்தாக்குப் புருசிய ஆட்சிக்குட்பட்டது. 1818 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் மோசெல் மதுவுக்குப் பாதுகாப்பளித்தமையால் செய்கை விரிவடைந்தது. பின்னர் 1828 இல் ஹெசனுடன் செய்யப்பட்ட சுங்க உடன்படிக்கையும், 1834 இல் நடைமுறைக்கு வந்த சுங்க ஒன்றியமும் தென்பகுதி மதுக்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டன. விலை வீழ்ந்தது, விளைச்சலும் பொய்த்தது, சிறு செய்கையாளர் கடனில் மூழ்கினர். திரியர் நகரிற் பிறந்த கார்ல் மார்க்ஸ் 1843 சனவரியில் 'றைனிஷ சைற்றுங்' இதழில் இவர்தம் நிலைபற்றி எழுதினார். மோசெல் உழவரின் நிலை பற்றிய சர்ச்சை, தாம் பொருளியற் பிரச்சினைகளில் ஈடுபடத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என அவரே 1859 இற் குறிப்பிட்டுள்ளார்.

இந்நெருக்கடிக்கு லூட்விக் கால் என்பார் ஒரு தொழில்நுட்பத் தீர்வை முன்வைத்தார். முதிராத கனியின் பிழிசாற்றில் நொதித்தலுக்கு முன் வெல்லக் கரைசலைச் சேர்ப்பின் கடும் புளிப்புத் தணியும், அற்ககோலும் உயரும் என 1850 களில் அவர் வற்புறுத்தினார். சேர்க்கப்பட்ட வெல்லம் நொதித்து விடுவதால் இம்முறை மதுவை இனிப்பாக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. ஆயினும் வெல்லஞ் சேர்த்த மது, சேர்க்காத 'இயற்கை மது' என்னும் பிரிவு இதனாற் கூர்மையடைந்தது. வெல்லஞ் சேர்த்தல் ஏழைச் செய்கையாளர்க்கு வாழ்வளித்தது. சேர்க்காமை பெருந்தோட்டத்தார்க்குப் பெருமையளித்தது. 1909 ஆம் ஆண்டு மதுச் சட்டம் வெல்லஞ் சேர்த்தலை வரையறைகளுடன் அனுமதித்தது. 1910 இல் 'இயற்கை மது' ஏலமிடுவோரின் தேசிய ஒன்றியம் நிறுவப்பெற்றது. ஆக, அக்காலத்து விவாதம் தூய்மை பற்றியதாக இருந்ததேயன்றி இனிப்புப் பற்றியதாக இருக்கவில்லை.

5. வடிகட்டியும் மலிந்த இனிப்பும்

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கிறொய்ஸ்நாக் நகரத்துச் சைற்ஸ் நிறுவனம் மதுவக் கலங்களையும் பற்றீரியங்களையும் தடுக்கவல்ல நுண்வடிகட்டியை உருவாக்கியது. இதன் விளைவு பெரிது. முன்பு வெல்லம் எஞ்சிய மதுவைப் போத்தலில் அடைத்தால் அது மீண்டும் நொதித்துப் போத்தலை உடைக்கும் அபாயம் இருந்தது. மதுவத்தை முற்றாக அகற்றியபின் அவ்வபாயம் நீங்கியது. நொதியாத பிழிசாற்றை ஒதுக்கி வைத்து, முற்றும் நொதித்த மதுவிற் போத்தலடைக்குமுன் கலக்கும் முறையும் இரண்டாம் உலகப் போரின் பின் பரவியது. வெப்பமான இலையுதிர்காலமும், பூஞ்சணம் பற்றிய கனிகளை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுக்கும் உழைப்பும் இன்றியே இன்சுவை கைவந்தது. அரிதாயிருந்தது மலிவாயிற்று.

தொழில்நுட்பம் மட்டுமே இம்மாற்றத்தை நிகழ்த்தியது எனக் கொள்ளுதல் தவறாகும். போர்க்காலப் பற்றாக்குறையை அனுபவித்த மக்கள் இனிப்பை நாடினர். நாற்சி ஆட்சி 1930 களில் யூத வணிகரைத் துரத்தியமையால், யேர்மானிய உயர்தர மது வாணிபம் அதன் அனுபவமிக்க தரகர்களையும் ஏற்றுமதியாளர்களையும் இழந்திருந்தது. போரின் பின்னர் அவ்விடத்தைப் பெருமளவிற் போத்தலடைத்து விற்போர் நிரப்பினர். வேர்ம்ஸ் நகரத்து அன்னைமரி ஆலயத் தோட்டத்தின் பெயராகத் தோன்றிய 'லீப்பிறவ்மில்ஷ்' என்பது, வெவ்வேறு பிரதேசங்களின் மெல்லிய இன்சுவை மதுக்களைக் கலந்து விற்கும் பொதுப்பெயராயிற்று. அதில் றீஸ்லிங்கின் பங்கு சிறிது. 1882 இல் ஆக்கப்பட்டதும் விரைந்து பழுப்பதும் மிகுவிளைச்சல் தருவதுமான முல்லர்-துர்காவ் இனமே அதில் மிகுந்தது. எனினும் பிறநாட்டார் யேர்மானிய வெள்ளை மது அனைத்தையும் ஒன்றாகவே கண்டமையால், மலிவான இனிப்பின் பழி றீஸ்லிங்கையுஞ் சார்ந்தது.

6. 1971 ஆம் ஆண்டு மதுச் சட்டம்

மேற்கு யேர்மனியில் 1971 இல் நடைமுறைக்கு வந்த மதுச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. பிழிசாற்றின் அடர்த்தியே தரத்துக்கு அளவுகோலாக்கப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டிற் போர்ஸ்ஹைம் நகரத்துக் கருவி வினைஞர் பேர்டினன்ட் எக்ஸ்லெ உருவாக்கிய அளவுமுறையே இதற்குப் பயன்பட்டது. ஓர் இலீற்றர் சாறு 1,080 கிராம் எடை கொண்டதாயின் அது 80 எக்ஸ்லெ பாகை எனப்படும். இவ்வளவின்படி கபினெற், ஸ்பேற்லேசெ, அவுஸ்லேசெ, பேறனவுஸ்லேசெ, துறொக்கன்பேறனவுஸ்லேசெ என்னும் படிகள் வகுக்கப்பெற்றன.

இவ்வொழுங்கில் மூன்று குறைபாடுகளைக் காண்கின்றோம். முதலாவது, இப்படிகள் பறிக்கும்போது கனியிலிருந்த வெல்லத்தை அளப்பன. போத்தலில் எஞ்சியுள்ள வெல்லத்தைக் கூறுவனவல்ல. ஒரு ஸ்பேற்லேசெ மது முற்றும் நொதித்து உலர்சுவையதாகவும் இருக்கலாம், இன்சுவையதாகவும் இருக்கலாம். சொற்களும் வாங்குவோரை மயக்கின. துறொக்கன்பேறனவுஸ்லேசெ என்பதிலுள்ள 'துறொக்கன்' உலர்ந்து வற்றிய கனிகளையே குறிக்கும். ஆகவே உலர்வைக் குறிக்குஞ் சொல்லைத் தாங்கிய அம்மது எல்லாவற்றுள்ளும் இனிப்பு மிக்கதாயிற்று! இரண்டாவது, வெல்லம் மிகுதியாகச் சேரும் புதிய கலப்பினங்கள் சமவெளியிலும் இலகுவாக ஸ்பேற்லேசெத் தகுதியை எய்தின. செங்குத்தான சரிவிற் பிந்திப் பழுக்கும் றீஸ்லிங்குக்கு அப்படியில் எவ்விதத் தனிமதிப்பும் இருக்கவில்லை.

மூன்றாவது குறைபாடு நிலப்பெயர் பற்றியது. ஏறத்தாழ 30,000 தோட்டப் பெயர்கள் சுமார் 2,600 ஆகக் குறைக்கப்பட்டன. அவற்றுக்கு மேலாகப் பெரும்பரப்புப் பெயர்களும் உருவாக்கப்பட்டன. மோசெலிற் பீஸ்போட் கிராமத்தின் புகழ் செங்குத்தான 'கோல்ட்துறொப்சென்' சரிவுக்கு உரியது. 'பீஸ்போட்டர் மிக்கெல்ஸ்பேர்க்' என்னும் பெயரோ சுற்றுக் கிராமங்களின் பரந்த நிலத்து மதுவுக்கெல்லாம் வழங்கலாயிற்று. இரண்டும் ஒரே கிராமத்தின் பெயரையே தாங்கின. சரிவிலே கயிறுகட்டி உழைத்தவனின் நற்பெயரைச் சமவெளியின் மலிவு மது பகிர்ந்துகொண்டது; விலை வேறுபாட்டை வாங்குவோர்க்கு விளக்கும் வழி அவனுக்கு இல்லாது போயிற்று.

7. உலர்சுவையின் மீட்சி

1970 களின் பிற்பகுதி முதல் யேர்மனிக்குள் உலர்சுவையை நாடும் போக்கு வலுத்தது. உணவுடன் பருகுதற்குரிய மதுவை நடுத்தர வகுப்பினர் விரும்பினர். 1984 இல் றைன்கவ் செய்கையாளர் சிலர் 'சாற்றா' என்னும் சங்கத்தை நிறுவி, உணவுக்கேற்ற றீஸ்லிங்குக்கு விதிகளை வகுத்தனர். 1985 இல் ஒஸ்திரிய மதுவில் டைஎதிலீன் கிளைக்கோல் கலக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. மதுவுக்கு உடற்செறிவும் இனிமையும் மிகுந்தாற்போன்ற தோற்றத்தை அது தந்தது. அக்கலப்பு, யேர்மனியிற் போத்தலடைக்கப்பட்ட சில மதுக்களிலுங் காணப்பட்டது. இன்சுவையின் மீதே ஐயம் படர்ந்தது. ஒஸ்திரியா அவ்வாண்டிலேயே கடுமையான சட்டம் இயற்றி, பெரிதும் உலர்சுவையின் பக்கம் திரும்பியது.

தொடக்ககால உலர்சுவை றீஸ்லிங்குகள் யாவும் சிறந்தன அல்ல. முதிராத கனியிலிருந்து வெல்லத்தை நீக்கியபோது வெறும் புளிப்பே எஞ்சியது. 1980 களின் இறுதி முதல் காலநிலை வெப்பமடைந்து வந்தமை இந்நிலையை மாற்றியது. கனி முதிர்ந்து, அமிலமும் மிதமாகியமையால் உலர்சுவை மது நிறைவு பெற்றது. 2000 களின் தொடக்கத்தில், முன்னர் குறிப்பிட்ட 1910 ஆம் ஆண்டு ஒன்றியத்தின் வழிவந்த அமைப்பு, சிறந்த தோட்டங்களின் உலர்சுவை மதுவுக்கு 'குறோசெஸ் கெவெக்ஸ்' என்னுந் தனிநிலையை வகுத்தது. 2021 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தரத்தின் அடிப்படையை நிலத்தை நோக்கித் திருப்பியது. அதே வெப்பம் பழைய இன்சுவை ஒன்றுக்குக் கேடாகவும் முடிந்தது. −7 பாகை செல்சியஸ் குளிரில் உறைந்த கனியிலிருந்து பெறப்படும் பனிமதுவை 2019 ஆம் ஆண்டு விளைச்சலில் யேர்மனி எங்கணும் பெற முடியவில்லை.

8. ஒப்பீட்டுச் சான்றுகள்

யேர்மனிக்கு வெளியேயுள்ள இரு சான்றுகள் எமது கருத்தை வலியுறுத்துவன. றைன் நதியின் மறுகரையிலுள்ள அல்சாசிலும் றீஸ்லிங் விளைகிறது. 1871 முதல் 1918 வரை யேர்மானியப் பேரரசிலிருந்த அப்பிரதேசம் பிரான்சுடன் மீள இணைந்தபின், உணவுடன் பருகும் பிரெஞ்சு வழக்கத்துக்கேற்ப உலர்சுவையே அங்கு பொதுநெறியாயிற்று. அண்டை நிலத்தில் அதே கொடி வேறு சுவைக்குரியதாகக் கருதப்பட்டமைக்கு மண்ணிலும் பார்க்க அரசியல் எல்லையே காரணம் எனலாம்.

தென் அவுஸ்திரேலியாவின் பறோசாவில் ஒலாண்டோ நிறுவனம் 1953 இல் யேர்மனியிலிருந்து பெற்ற அழுத்தத் தாங்கிகளைக் கொண்டு, குளிர்நிலையில் நொதித்த றீஸ்லிங்கை ஆக்கியது. கனியின் மணங் குன்றாத அம்மது அந்நாட்டு உலர்சுவை றீஸ்லிங்குக்கு வழிகாட்டியது. அதே நிறுவனம் 1956 இல் அத்தகைய தாங்கிகளிலேயே 'பறோசா பேர்ள்' என்னும் இன்சுவைக் குமிழிமதுவையும் ஆக்கிப் பெருவிற்பனை கண்டது. கருவி ஒன்றாயிருப்பினும் சந்தைக்கேற்பச் சுவை இரண்டாயிற்று.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இன்சுவை றீஸ்லிங்கே மரபு என்பாரின் கூற்றுப் பெரும்பாலும் 1950 களின் பின் எழுந்த நிலையையே பழமையாகக் கொள்கிறது எனலாம். உலர்சுவையே உண்மையான றீஸ்லிங் என்பாரும் வரலாற்றின் ஒரு பகுதியையே காண்கின்றனர். யொகானிஸ்பேர்க்கின் பிந்திய அறுவடையும், மோசெலின் குளிர் நிலவறையில் நொதித்தல் தானே நின்ற மென்மதுவும் அதே மரபின் கூறுகள். அற்ககோல் குறைந்து, புளிப்பும் இனிப்பும் சமன்பட்ட மோசெல் கபினெற்றுக்கு நிகராகப் பிற இனங்களிற் காட்டத்தக்கது அரிது.

வாங்குவோரின் குழப்பத்தைத் தீர்க்க 2007 இல் அமைக்கப்பட்ட பன்னாட்டு றீஸ்லிங் நிறுவனம், வெல்லத்துக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு உலர்சுவை முதல் இன்சுவை வரை நான்கு நிலைகளைச் சுட்டுத்துண்டிற் காட்டும் அளவுகோலை வகுத்தது. 1971 ஆம் ஆண்டுச் சட்டம் கூறாதுவிட்ட செய்தியை அது எளிய முறையிற் கூறுகிறது.

எனினும் காலந்தாழ்ந்த தெளிவு எல்லா இழப்பையும் ஈடுசெய்வதில்லை. யேர்மனியில் இன்று ஏறத்தாழ 24,000 எக்டேயரில் றீஸ்லிங் விளைகிறது. உலகில் அதுவே மிகப்பெரும் பரப்பு. ஆனால் மோசெற் பிரதேசத்தின் மொத்தத் திராட்சைப் பரப்பு 1990 அளவில் 12,000 எக்டேயரை விஞ்சியிருந்து, இன்று 9,000 எக்டேயருக்குங் கீழ்ப்பட்டுள்ளது. கைவிடப்பட்டவற்றுட் செங்குத்துச் சரிவுகள் பல. இதற்கு வேலையாட் பற்றாக்குறையும் இளைஞர் வெளியேற்றமும் காரணங்களாகும்; மலிவு இனிப்பினால் வீழ்ந்த விலையும் அவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது. புல்டாவின் அனுமதி, புருசியாவின் சுங்கம், போத்தலடைப்போரின் கலவை, சட்டத்தின் அளவுகோல் ஆகிய ஒவ்வொன்றும் சுவையைத் தீர்மானித்த காலங்களிற் சரிவிலே நின்ற செய்கையாளனின் குரல் பெரும்பாலும் கேட்கப்படவில்லை. பானங்களின் வரலாற்றை ஆராய்வோர் மரபு என்னுஞ் சொல்லைக் காணுமிடமெல்லாம் அது எவரால், எப்பொழுது, எவர் நலன் கருதி வகுக்கப்பட்டது என்று வினவுதல் வேண்டும். றீஸ்லிங்கின் வரலாறு எமக்கு உணர்த்துவது இதுவே.